கடல் கடந்த கைம்மொழி ஆசிரியர்கள்

மூன்றாண்டுகளில் ஊர் திரும்புவோம் என்று சொல்லி மலையேறி வந்து, இங்கேயே பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள் நம்முள் பலர் உளர். காந்தலூர்ச் சரிவிலும் மறையூர்ப் பள்ளத்தாக்கிலும் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என வளர்ந்த நமக்கு, இக்கட்டுரையில் வரும் இருவருடைய வாழ்க்கை அயலாகத் தோன்றாது என்று கருதுகிறோம். இருவரும் காது கேளாதவர்கள், இருவரும் ஆசிரியர்கள், இருவரும் பிறந்த நாட்டை விட்டுச் சென்று, தம்போன்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள்.

முதல்வர் பிரெஞ்சு நாட்டினராகிய லாரென்ட் கிளார்க். 1785-ல் பிறந்த இவர் பாரிஸ் நகரச் செவிகேளாதோர் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியரானார். அமெரிக்காவில் அத்தகைய பள்ளி ஒன்று நிறுவ விரும்பி வழிதேடி வந்த தாமஸ் காலடெட் என்பார் இவரை உடன் அழைத்தார். 1816 ஜூன் 18-ல் இருவரும் கப்பலேறினர். கடலில் கழிந்த 52 நாளும் வீண்போகவில்லை. காலடெட் ஆங்கிலம் கற்பித்தார். கிளார்க் சைகைமொழி கற்பித்தார். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரித்துச் சொல்லவியலாத பள்ளிக்கூடம் அக்கப்பல்! 1817 ஏப்ரல் 15-ல் ஹார்ட்போர்டு நகரில் பள்ளி தொடங்கியது. கிளார்க்கின் ஒப்பந்தம் மூன்றாண்டுக்கே. ஆயினும் அவர் 1858 வரை கற்பித்து, 1869-ல் அந்நாட்டிலேயே மறைந்தார். அவர் கொணர்ந்த பிரெஞ்சுச் சைகைகளும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொணர்ந்த சைகைகளும் கலந்தே இன்றைய அமெரிக்கச் சைகைமொழி உருவாயிற்று.

இவ்வழி நெடுங்காலம் திறந்திருக்கவில்லை. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, வாய்ப்பேச்சு முறையே சிறந்தது, சைகை விலக்கத்தக்கது என முடிவு செய்தது. கூடியிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பேராளர்களுள் செவிகேளாதவர் ஒருவரே! வாய் பேசக் கற்பிக்கும் பணிக்குச் செவிகேளா ஆசிரியர் எதற்கு என்று எண்ணிப் பல நாடுகளிலும் அவர்களை வகுப்பறையினின்று நீக்கினர். தம்மைப் போன்ற ஒரு பெரியவரைக் காணாமலே பிள்ளைகள் வளரலாயினர். நம் நாட்டுப் பள்ளிகளிலும் இவ்வாய்ப்பேச்சு முறை வேரூன்றியது. ‘செவிட்டூமை’ என்னும் பழஞ்சொல்லை ஈண்டு நாம் ஆளவில்லை. கையால் மொழி பேசுவோரை ஊமை என்றல் பிழையன்றோ?

இனி இரண்டாமவர். ஆண்ட்ரூ பாஸ்டர் 1925-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தார். 11-ஆம் வயதில் மூளையுறைக் காய்ச்சல் அவர் செவியைக் கவர்ந்தது. நிறவேற்றுமை ஆட்சி செய்த அந்நாளில், கறுப்புப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய செவிகேளாதோர் பள்ளியில் உயர்வகுப்பு எட்டவில்லை. அஞ்சல்வழிக் கல்வியால் அக்குறையை நிரப்பிக்கொண்டார். செவிகேளாதோர்க்கென வாஷிங்டனில் அமைந்த காலடெட் கல்லூரி முதலில் அவரை ஏற்கவில்லை. 1951-ல்தான் கதவு திறந்தது. 1954-ல் அங்குப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே.

பட்டம் பெற்றவர் ஊரில் ஒரு வேலை தேடி அமர்ந்திருக்கலாம். அவரோ ஆப்பிரிக்கச் செவிகேளாதோர்க்கென 1956-ல் ஒரு கிறித்தவத் தொண்டு அமைப்பை நிறுவி, 1957-ல், கானா விடுதலை பெற்ற அதே ஆண்டில், அக்ரா நகரில் சென்றிறங்கினார். செவிகேளாப் பிள்ளைகள் எங்கள் ஊரில் இல்லையே என்று சிலர் சொன்னார்களாம். பிள்ளைகள் இருந்தார்கள், வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள். ஏனைய பிள்ளைகள் வீடு திரும்பியபின் ஒழிந்த வகுப்பறையை இரவல் வாங்கி அவர் பாடம் தொடங்கினார். 1959-ல் மாம்போங் என்னும் மலையூரில் விடுதிப்பள்ளி எழுந்தது. அடுத்து நைஜீரியா, பின்னர்ப் பிறநாடுகள். 13 நாடுகளில் 30-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அவர் முயற்சியால் தோன்றின. செவிகேளா ஆப்பிரிக்கரையே ஆசிரியராகப் பயிற்றியதை நாம் அவருடைய பெருஞ்செயலாக மதிக்கிறோம். பிள்ளையை அழைத்துவந்த தாய், தன் மகனைப் போலவே கேளாத ஒருவர் கரும்பலகை முன் நிற்பதைக் கண்டாள். அதற்குமேல் எந்தச் சொற்பொழிவு வேண்டும்?

ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அவர் கொண்டுசென்றது அமெரிக்கச் சைகைமொழி. மாம்போங்குக்கு அருகே ஆடமொரோபே என்றொரு சிற்றூர் உண்டு. அங்குத் தலைமுறை தலைமுறையாகச் செவிகேளாதோர் மிகுதி. ஆதலின் கேட்போரும் கேளாதோரும் கலந்து பேசும் தனிச் சைகைமொழி அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்திருந்தது. அவ்வூர்ப் பிள்ளைகள் விடுதிப்பள்ளிக்குச் சென்று புதுமொழியோடு திரும்பலாயினர். பாட்டன்மாரின் மொழி மெல்ல மெலிந்து வருகிறது. பள்ளி வேண்டாம் என்று எவர் சொல்வார்? ஆனால் அவ்விழப்பின் சுவையை நம் வீடுகள் சிறிதேனும் அறியும்.

1987 டிசம்பர் 3-ல் ருவாண்டா நாட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் பாஸ்டர் உயிர் துறந்தார். மூன்று திங்கள் கழித்து, 1988 மார்ச்சில், காலடெட் மாணவர்கள் செவிகேளாத ஒருவரே தங்களுக்குத் தலைவராக வேண்டும் என்று கல்லூரி வாயிலை அடைத்துப் போராடினர். ஒரு வாரத்தில் வென்றனர். 124 ஆண்டுகளில் அக்கல்லூரிக்கு வாய்த்த முதல் செவிகேளாத் தலைவர் கிங் ஜோர்டன் ஆவார். 2004-ல் அங்குள்ள பேரவைக்கூடத்திற்கு ஆண்ட்ரூ பாஸ்டரின் பெயர் சூட்டப்பட்டது.