ஏஜென்சி போனபின் எஞ்சியது: டி.வி.எஸ். குடும்பமும் திண்டுக்கல் சமவெளியும்

வாகன வணிகக் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் வம்சாவளியாகவே எழுதப்படுகிறது. தாத்தா கடை திறந்தார், மகன் பெருக்கினார், பேரன் குளிரூட்டிய ஷோரூம் கட்டினார் என்று கதை போகும். அதில் ஒரு கேள்வி விடுபட்டுவிடுகிறது. கார் ஏஜென்சி குடும்பச் சொத்தே அல்ல. அது வண்டி செய்யும் நிறுவனம் கொடுத்தது, வேண்டாமென்றால் அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படியானால் தலைமுறைகள் கைமாற்றிக்கொண்டது எதை? மதுரையின் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனத்தைத் திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்த்தால் இதற்கு விடை தெளிவாகக் கிடைக்கிறது. விற்பனையைச் சுற்றியிருந்த பட்டறை, உதிரிபாகம், தவணைக் கடன் ஆகியவையே உண்மையில் வாரிசுகளுக்கு வந்த சொத்து.

1877இல் திருக்குறுங்குடியில் பிறந்த சுந்தரம் அய்யங்கார், ரயில்வேயிலும் வங்கியிலும் பார்த்த வேலையை விட்டுவிட்டு 1911இல் மோட்டார் தொழிலுக்கு வந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றார்; பஸ்ஸும் ஓட்டினார். இந்த இரண்டும் ஒரே கையில் இருந்ததுதான் முக்கியம். திண்டுக்கல்லுக்கு 1875இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் தண்டவாளம் திருச்சி–மதுரைக் கோட்டிலேயே போயிற்று. நத்தமும் வத்தலக்குண்டும் வேடசந்தூரும் ஒதுங்கியே கிடந்தன. கரூர்ப் பாதை வர 1988 ஆயிற்று. கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கொடைக்கானல் ஏற வேண்டியவருக்கும் மலைச்சாலை ஒன்றே வழி. புகையிலை, தோல், சிறுமலை வாழை என்று சரக்குக்குக் குறைவில்லாத இந்தச் சமவெளி, மோட்டார் தொழிலுக்குத் தானாக அமைந்த சந்தை.

தான் விற்கும் வண்டியைத் தானே ரூட்டில் ஓட்டுபவர் அதைப் பொருளாகப் பார்க்க மாட்டார். வழியில் நின்றுபோனால் நட்டம் அவருக்குத்தான். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகளால் டயர் பஞ்சராவதைத் தடுக்க, பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டியை அனுப்பி ஆணி பொறுக்க வைத்தார் என்று அவரைப் பற்றி இன்றும் சொல்வார்கள். அதை வெறும் சாமர்த்தியக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அது கணக்குப் புத்தகத்தின் பக்கமாகத் தெரிகிறது: நேரம் தவறாமையை விற்றவருக்கு ஒரு ஆணிகூடச் செலவுதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது மரக்கரிப் புகையில் ஓடும் வாயுக்கலனைச் செய்து பொருத்தினார்கள். ஊர் அதைக் கரி பஸ் என்றது. டயர் கிடைக்காதபோது, 1943இல், தேய்ந்த டயரை ரிட்ரெட் செய்யும் தொழில் பிறந்தது. புது வண்டி விற்க முடியாத ஆண்டுகளில் பழைய வண்டியை ஓட வைப்பதே வணிகமாயிற்று.

அசல் சோதனை அதற்குப் பின் வந்தது. நாட்டுக்குள்ளேயே வண்டி தயாரிக்கும் திட்டமில்லாமல், பாகங்களை இறக்கிப் பூட்டி மட்டும் விற்கும் அயல் நிறுவனங்கள் கடையைக் கட்ட வேண்டும் என்பது 1953இல் அரசு எடுத்த முடிவு. 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிய ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் வெளியேறியது. அடுத்த ஆண்டு சுந்தரம் அய்யங்காரும் காலமானார். மூல நிறுவனமும் மூலவரும் அடுத்தடுத்துப் போன பிறகு சாதாரணக் கார் வியாபாரம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே 1954இல் மகன் டி.எஸ்.சந்தானம் இரண்டு லட்சம் ரூபாய் முதலில், வண்டி வாங்கத் தவணைக் கடன் தரும் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கியிருந்தார். 1960களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று உதிரிபாக ஆலைகள் வரிசையாக எழுந்தன.

தவணைக் கடன் ஏன் வென்றது என்பதை ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. கேரளத்துக்கு லோடு ஏற்றும் லாரிக்காரர் பெரும்பாலும் ஒரு வண்டி, இரண்டு வண்டி உடையவர். அடமானம் வைக்க அவரிடம் இருப்பது அந்த வண்டிதான். அது வருடத்தில் எத்தனை மாதம் ஓடும், எந்தப் பாகம் முதலில் போகும், பறிமுதல் செய்தால் என்ன விலை பெறும் என்பதெல்லாம் பட்டறை வைத்திருந்தவருக்கே தெரியும். வங்கி மேலாளருக்கு அந்த அறிவு இல்லை. மாதத் தவணைக்கு அடியில் இருந்தது கிரீஸ் படிந்த ஞானம்.

நிறுவனத்தின் பெயரில் ‘சன்ஸ்’ இருக்கிறது. மகளுக்கு அதில் இடமில்லை. இளம் வயதில் கணவரை இழந்த மகள் டி.எஸ்.சௌந்தரத்தைப் பெற்றோர் டெல்லி லேடி ஹார்டிங்கேயில் மருத்துவம் படிக்க வைத்தார்கள். 1940இல் காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மணந்த அவர், 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை அவருடன் சேர்ந்து தொடங்கினார். 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்கு வென்றார். 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். குடும்ப வரலாறுகள் இதைத் தருமக் கணக்கில் எழுதி ஒதுக்கிவிடுகின்றன. அது போதாது. மகன்களிடையே பட்டறையும் பங்கும் கைமாறிய அதே ஆண்டுகளில், குடும்பத்தின் பெயரை இந்தச் சமவெளியின் கிராமங்களில் வேறொரு வழியில் நிலைநாட்டியவர் வாரிசுரிமை பெறாத மகள்.

பஸ்ஸும் கைவிட்டுப் போயிற்று. 1970களின் தொடக்கத்தில் தனியார் தடங்கள் நாட்டுடைமையானபோது குடும்பத்தின் வண்டிகள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. பின்னாளில் அதிலிருந்து பிரிந்த ராணி மங்கம்மாள் கழகம் திண்டுக்கல்லையே தலைமையிடமாக்கிக்கொண்டது. சரக்குப் போக்குவரத்தும் பாகமும் கடனும் குடும்பத்திடமே இருந்தன.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். இந்தத் தாக்குப்பிடிப்பு குடும்பத்தின் திறமையா, லைசென்ஸ் காலத்து மூடிய சந்தையின் பரிசா? இரண்டாவதன் பங்கு பெரிது. பல ஆண்டுகள் காருக்குக் காத்திருக்க வேண்டிய நாட்டில் டீலர் விற்பதில்லை, ஒதுக்கீடு செய்கிறார். உதிரிபாக ஆலைக்கும் இறக்குமதிப் போட்டி இல்லை. ஆனால் அதே சந்தையில் ஏஜென்சியை மட்டும் நம்பியிருந்தவர்கள் நிறையப் பேர்; அவர்கள் எல்லோரும் தாக்குப்பிடிக்கவில்லை. 1990களில் திரும்பி வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் மறுபடி இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021இல் ஃபோர்டு உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. டீலர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அப்போதுதான் உரத்தது. 1954இன் பாடம் புதிய டீலர்களை எட்டவில்லை, அல்லது எட்டியும் பட்டறையில் முதலீடு செய்ய அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

2020இல் செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டின்படி ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நான்கு மகன்களின் கிளைகளும் தங்கள் தொழில்களைப் பிரித்துக்கொண்டன. பழைய வாகன விற்பனைத் தொழில், டி.வி.எஸ். மொபிலிட்டி என்ற பெயரில் ராஜம் கிளைக்கு வந்தது. கடன் நிறுவனம் சந்தானம் கிளையிடம் உள்ளது. ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று தாங்கிய பட்டறையும் தவணையும் இப்போது தனித்தனி உடைமைகள். 2024இல் விற்பனைத் தொழிலில் ஜப்பானின் மிட்சுபிஷி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 1954இல் அயல்நாட்டு நிறுவனம் வெளியேறியபோது போனது விற்கும் உரிமை மட்டும்தான். இப்போது அயல் கை உடைமைக்கு உள்ளேயே வருகிறது.