நிலவறையில் மூன்று அறுவடைகள்

1950-இல் ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனம் தன் தலைமை ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பியது ஷெர்ரி தயாரிக்கும் முறையைப் பார்த்து வரத்தான். அன்றைய ஆஸ்திரேலியர்கள் வாங்கிய ஒயினில் பெரும்பங்கு சாராயம் சேர்த்து வலுவேற்றிய ஷெர்ரியும் போர்ட்டும். சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் அருந்தும் வீடுகள் குறைவு. பொதுவான குடி பீர்; அதையும் மாலை ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். 1916-இல் வந்த அந்த ஆறு மணிச் சட்டம் ஷூபர்ட்டின் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1967 வரை நீடித்தது. வேலை விட்டு வந்தவர்கள் மதுக்கடையில் நின்றபடியே, கதவு அடைக்குமுன் முடிந்த மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து போன ஷூபர்ட், ஸ்பெயினில் தன் வேலையைப் பார்த்ததோடு பிரான்சின் போர்தோவுக்கும் போனார். அங்கே கிறிஸ்தியான் க்ரூஸ் என்ற ஒயின் வணிகர் நாற்பது, ஐம்பது ஆண்டு பழைய ஒயின்களை அவருக்குத் திறந்து கொடுத்தார். அவ்வளவு வயதிலும் அவற்றில் பழமும் மணமும் மிச்சமிருந்தன. குறைந்தது இருபது ஆண்டு தாங்கும் சிவப்பு ஒயின் ஒன்றை ஆஸ்திரேலியத் திராட்சையில் செய்தே தீர்வது என்ற முடிவோடு ஷூபர்ட் ஊர் திரும்பினார். 1931-இல் அதே நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர் அவர்.

போர்தோவில் பார்த்ததை அப்படியே செய்ய ஊரில் வழியில்லை. அங்கே முக்கியமான கபர்னே திராட்சை தெற்கு ஆஸ்திரேலியாவில் அரிது. ஷிராஸ் தாராளமாகக் கிடைத்தது. பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு வழியில்லாததால் அமெரிக்க ஓக். 1951 அறுவடையில் அடிலெய்டை அடுத்த மகில் தோட்டத்திலும் மார்ஃபெட் வேலிலும் விளைந்த ஷிராஸை எடுத்தார். நொதிக்கும் சாற்றில் தோல்கள் மேலே மிதந்து ஒதுங்கிவிடாதபடி பலகை வைத்து அமுக்கினார். சூட்டைக் குறைத்து நொதித்தலை மெதுவாக்கினார். நிறமும் துவர்ப்பும் முக்கியமாகத் தோலிலிருந்தே வருகின்றன. சாறு எவ்வளவு நேரம் தோலோடு கிடக்கிறதோ அவ்வளவு அவை இறங்கும். பிறகு அவர் செய்ததுதான் துணிச்சல். இனிப்பு முழுவதும் தீருமுன்பே அதைப் புதிய பீப்பாய்களுக்கு மாற்றினார். மிச்ச நொதித்தல் மரத்துக்குள்ளேயே நடந்தது. ஓக்கின் வாசமும் பழத்தின் சுவையும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று கலந்தன.

ஒயினுக்குக் கிரேஞ்ச் என்று பெயர். 1844-இல் இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவர் கிறிஸ்டோபர் பென்ஃபோல்டும் மனைவி மேரியும் மகிலில் குடியேறிய சிறு வீட்டின் பெயர் அது. கணவர் நோயாளிகளைப் பார்க்க, தோட்டத்தையும் ஒயினையும் ஆண்டுக்கணக்காக நடத்தியவர் மேரி. பாட்டிலின் மேல் மேரியின் பெயர் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1951-இல் செய்தது விற்பனைக்கு வரவில்லை. வேண்டியவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்தது. 1956-இல் நிறுவனத்தின் சிட்னித் தலைமை அலுவலகம் ஒயின் அறிந்தவர்களைக் கூட்டிச் சுவைக்கச் செய்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் முகம் சுளித்தார்கள். நல்ல போர்ட்தான், ஆனால் புத்தியுள்ள யாரும் வாங்க மாட்டார் என்றார் ஒருவர். நசுக்கிய எறும்புகளை நினைவூட்டுவதாக இன்னொருவர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இருபது ஆண்டு காத்திருக்க வேண்டிய ஒயினை ஐந்தே ஆண்டில் திறந்து ஊற்றினால், தணியாத துவர்ப்பும் அடங்காத ஓக்கும்தான் நாக்கில் படும். குறை சொல்ல வேண்டியது அந்த ஒரு மாலையை வைத்துத் தீர்ப்பெழுதிய நிர்வாகத்தை. கையிருப்பு குவிகிறது, பெயரும் கெடுகிறது என்று சொல்லி, 1957 அறுவடைக்கு முன் தயாரிப்பை நிறுத்தும்படி எழுத்தில் உத்தரவு அனுப்பினார்கள்.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. குடும்பத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் அடிலெய்டில் அவருக்குத் துணை நின்றார். 1957, 1958, 1959 மூன்று ஆண்டும் தலைமைக்குத் தெரியாமல் செய்து, மகிலின் நிலவறைகளில் வைத்தார்கள். புதிய பீப்பாய் வாங்கக் கணக்கில் இடமில்லை. பழைய பீப்பாய்களைக் கொண்டே சமாளித்தார்கள். கிரேஞ்சின் அடையாளமான புது ஓக் வாசம் இந்த மூன்றிலும் குறைவு. ஒயினாகப் பார்த்தால் இவை சற்று மெலிந்தவை. ஆனால் கிரேஞ்சின் வரிசை அறுபடாமல் இருப்பது இவற்றால்தான். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த மூன்றையே.

இதற்கிடையே முதல் ஆண்டுகளின் பாட்டில்கள் தம்போக்கில் முதிர்ந்துகொண்டிருந்தன. மறுபடி சுவைத்தவர்கள் பேச்சை மாற்றினார்கள். 1960 அறுவடைக்கு முன் நிர்வாகமே தயாரிப்பைத் தொடரச் சொன்னது. 1962-இல் சிட்னி ஒயின் கண்காட்சியில் 1955 கிரேஞ்ச் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்த ஓர் ஆண்டின் ஒயின் மட்டுமே பிறகு ஐம்பதுக்கு மேற்பட்ட தங்கப் பதக்கங்களைச் சேர்த்தது. 1990 கிரேஞ்சை அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை 1995-இல் ஆண்டின் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தபோது ஷூபர்ட் இல்லை. அவர் 1994-இல் காலமாகியிருந்தார்.

மறைத்து வைத்த ஒயினில் ஒன்று பிற்பாடு ஓர் அரசையே உலுக்கியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பிரதமர் பாரி ஓ'ஃபாரல் பிறந்தது 1959-இல். அவருக்கு ஒரு தொழிலதிபர் அந்த ஆண்டின் கிரேஞ்சை அன்பளிப்பாக அனுப்பினார். மதிப்பு சுமார் 3,000 டாலர். 2014-இல் ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் அப்படி எதுவும் பெறவில்லை என்றார் ஓ'ஃபாரல். மறுநாள் அவர் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்பு வெளிவந்தது; பதவி விலகினார். ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. 2020-இல் அவர் ஆஸ்திரேலியத் தூதராக டெல்லிக்கு வந்தார்.

1951 கிரேஞ்ச் பாட்டில் ஒன்று 2021-இல் ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்குகிறவர் அதைக் குடிப்பதில்லை. பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார். ஷூபர்ட் உழைத்தது அதற்கல்ல. 1991 முதல் பென்ஃபோல்ட்ஸ் பழைய பாட்டில்களுக்காக நடத்தும் முகாம்கள் எனக்கு இதைவிடப் பிடிக்கும். பதினைந்து ஆண்டுக்கு மேல் வயதான கிரேஞ்ச் பாட்டிலை அங்கே யாரும் கொண்டுபோகலாம். தேவைப்பட்டால் தக்கையைத் திறந்து, சிறிது சுவைத்துப் பார்த்து, நன்றாக இருந்தால் புதிய கிரேஞ்சை ஊற்றி நிரப்பி, புதுத் தக்கை போட்டுச் சான்று தருகிறார்கள். கெட்டுப்போனதற்குச் சான்று கிடையாது. உரிமையாளருக்கும் ஒரு வாய் கிடைக்கிறது. பல ஆண்டு பூட்டி வைத்தவர்களில் சிலர் தங்கள் ஒயினின் சுவையை முதன்முதலில் அறிவது அங்கேதான்.