லயத்து முற்றமும் நீர்க்கானும்: மலையகக் குடியிருப்பு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மலையகத் தொழிலாளரின் குடியிருப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் லயத்து அறையையே அளவுகோலாகக் கொள்வர். 10 அடிக்கு 12 அடியான அவ்வறையின் நெருக்கடி மறுக்கவியலாதது. எனினும், அறைக்கு வெளியே கிடந்த முற்றமும் அதனை ஒட்டி ஓடிய கானும் ஆராயப்படவேண்டியவையே. அடுப்புப் புகை நிறைந்த அறையிலிருந்து வெளியே வந்த பிள்ளைக்கு அம்முற்றமே விளையாட்டிடம். கழிவுநீர்க் கான் அதன் எல்லை.

கோப்பிக் காலத்தில் உருவாகித் தேயிலைக் காலத்தில் நிலைபெற்ற லயம், உழைப்பாளரை வேலைத்தலத்துக்கு அருகே நிறுத்திவைக்கும் ஏற்பாடாகும். குடும்ப வாழ்வு அதன் திட்டத்தில் இடம்பெறவில்லை. மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாவண்ணம் தேயிலைச் சரிவுகளிலே கான்கள் வெட்டிப் பேணப்பட்டன. லயத்துக் கானுக்கு அத்தகைய கவனம் பொதுவாகக் கிட்டவில்லை.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் அப்புழுவின் குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுவன. ஆகவே, நீர் தேங்கிய முற்றம் வெறும் அசுத்தம் அன்று; அது குருதிச்சோகையின் விளைநிலம். ஆயினும் தோட்டச் சுகாதாரத்தின் பிரதான உந்துதல் உழைப்புத்திறன் குன்றாமற் காப்பதே. பிள்ளைக்காம்பராவும் தாயைக் கொழுந்தெடுக்க விடுவிக்கும் தேவையோடு பிணைந்திருந்தது. பிள்ளையின் விளையாட்டு எவரது கணக்கிலும் சேரவில்லை.

இதன் அடிப்படை காணியுடைமையிலேயே உள்ளது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. இவ்விரு மாற்றங்களின்போதும் முற்றம் அதில் வாழ்ந்தவரின் உடைமையாகவில்லை. தனக்குரியதல்லாத நிலத்தில் கான் கட்டவும் மரம் நடவும் ஒருவர் எவ்வாறு முன்வருவார்?

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. மலைச்சரிவிற் குடியிருப்போருக்கு நிலத்தின் உறுதியும் நீர் வடியும் வழியும் உயிர்ப்பிரச்சினை என்பதை அது உணர்த்திற்று. 2015இன் பின் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு போக எஞ்சும் நிலத்திலேயே மண்ணணை, கான், நடைபாதை, வீட்டுத்தோட்டம் யாவும் அடங்கவேண்டும். சரிவான காணியிற் பிள்ளை ஓடுவதற்குச் சமதரை எஞ்சுவது அரிது.

எனவே, வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முன்னேற்றத்தை அளத்தல் போதாது. உறுதியுடன் கூடிய காணி, நீர் வடியும் முற்றம், பல வீடுகளுக்குப் பொதுவான விளையாட்டுத்திடல் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி லயத்தின் வரலாறு முடிவுறாது.