எந்த வழிமாற்று நிலைக்கலாம்? விக்கிப்பீடியாவில் அளவுகோல்கள் மாறிய வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தலைப்பைத் தேடி வருபவரை வேறு தலைப்பிலுள்ள கட்டுரைக்குக் கொண்டுசேர்ப்பது வழிமாற்றுப் பக்கம். இத்தகைய பக்கங்களில் எதை வைப்பது, எதை நீக்குவது என்ற கேள்விக்கு ஆங்கில விக்கிப்பீடியா 2001 முதல் கண்ட விடைகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. அச்சில் தாளின் இடம் இதை முடிவு செய்தது. இணையத்தில் முதலில் ‘இடத்துக்குச் செலவில்லை’ என்ற எண்ணமும், பின்னர் ‘இது வாசகரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறதா’ என்ற கேள்வியும் அந்த இடத்துக்கு வந்தன. இவ்வாறு உருவான அளவுகோல்களைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. அச்சுக்கால முன்னோடிகள்

ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருக்கும் சிக்கலை நூலகப் பட்டியல்களும் அச்சுக் கலைக்களஞ்சியங்களும் முன்பே சந்தித்துவிட்டன. சார்லஸ் அம்மி கட்டர் 1876-இல் வெளியிட்ட அகராதி வரிசைப் பட்டியல் விதிகளில், ஒரு பெயரின் கீழ் விவரத்தைத் தந்து மற்றப் பெயர்களின் கீழ் ‘காண்க’ என்று மட்டும் குறிக்கும் முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. திதெரோவும் தலாம்பேரும் 1751-இல் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியமோ இத்தகைய குறுக்குக் குறிப்புகளை விமர்சனக் கருவியாகவும் கையாண்டது. நரமாமிசம் உண்போர் பற்றிய பதிவின் முடிவில் கிறித்தவ நற்கருணையைக் காணச் சொன்ன குறிப்பு இதற்குப் பேர்போன சான்று. ஒரு தலைப்பிலிருந்து எங்கே அனுப்புகிறோம் என்பதிலேயே ஒரு கருத்து ஒளிந்திருக்கலாம் என்பதை அது காட்டியது.

அச்சில் ஒவ்வொரு ‘காண்க’வும் ஒரு வரியைத் தின்றது. எழுத்துப்பிழைகளுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே எதை விடுவது என்பதைப் பதிப்பாசிரியரின் கத்தரிக்கோலே முடிவு செய்தது.

2. மென்பொருள் விட்டுச்சென்ற எச்சங்கள்

2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியா, கிளிஃபர்ட் ஆடம்ஸ் எழுதிய யூஸ்மாட்விக்கி மென்பொருளில் இயங்கியது. சொற்களை இடைவெளியின்றி ஒட்டி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால்தான் அதில் ஒரு தலைப்பு இணைப்பாகும். சில வாரங்களிலேயே சதுர அடைப்புக்குறிக்குள் இயல்பான தலைப்பு எழுதும் வசதி வந்தது. கட்டுரைகள் புதிய தலைப்புகளுக்கு மாறின. ஒட்டுத் தலைப்புகள் வழிமாற்றுகளாகத் தங்கிவிட்டன.

அந்த எச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் தரவுத்தள நகலைத் திறந்தால் முதலில் வருவது ‘அக்சசிபிள்கம்ப்யூட்டிங்’ என்ற ஒட்டுத் தலைப்பு. பக்க எண் 10. அதில் கட்டுரை எதுவும் இல்லை. கணினி அணுகல்தன்மை பற்றிய பக்கத்துக்கு அனுப்பும் கட்டளைதான் இருக்கிறது. எண் 12 அரசின்மைக் கொள்கை பற்றிய முழுக் கட்டுரை. அடுத்து 13 முதல் ஆப்கானிஸ்தான் வரலாறு, புவியியல், மக்கள் என்று ஒட்டுத் தலைப்புகளின் வரிசை, எல்லாமே வழிமாற்றுகள்.

இன்று இந்தத் தலைப்புகளைத் தட்டச்சு செய்து தேடுவோர் அரிது. இருந்தும் அவை நீக்கப்படவில்லை. தொடக்ககாலத் தொகுப்பு வரலாற்றின் பெரும்பகுதி மென்பொருள் மாற்றங்களில் தொலைந்துபோனதாக நெடுநாள் கருதப்பட்டது. 2001 ஆகஸ்ட் நடுப்பகுதி வரையான தொகுப்புகளை உள்ளடக்கிய பழைய நகல் 2010 டிசம்பரில்தான் விக்கிப்பீடியாவின் நிரலாளர் டிம் ஸ்டார்லிங் கையில் கிடைத்தது. அதுவரை முதல் மாதங்களின் தடயங்களில் ஒன்றாக இந்த ஒட்டுத் தலைப்புகள் இருந்தன. பயன்பாடு இல்லாவிட்டாலும் பழமைக்காக வைக்கலாம் என்ற நெறி இங்கிருந்து வலுப்பெற்றது.

3. செலவில்லை என்ற வாதம்

மாக்னஸ் மான்ஸ்கே எழுதிய புதிய நிரல் 2002 ஜனவரியிலும், லீ டேனியல் கிராக்கர் திருத்தி எழுதிய நிரல் அதே ஆண்டு ஜூலையிலும் நடைமுறைக்கு வந்தன. பின்னது பிற்பாடு மீடியாவிக்கி என்று பெயர் பெற்றது. பக்கத்தை நகர்த்தினால் பழைய பெயரில் தானாகவே ஒரு வழிமாற்று உருவாகும் வசதியால் எண்ணிக்கை பெருகியது. இன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைவிட வழிமாற்றுகளே அதிகம். இதைக் கணக்கில் கொள்ளாத ஆய்வுகள் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்று பெஞ்சமின் மேக்கோ ஹில், ஆரன் ஷா இருவரும் 2014-இல் எடுத்துக்காட்டினர்.

இந்தப் பெருக்கத்துக்கு ‘வழிமாற்று மலிவானது’ என்ற வாதம் அரணாக நின்றது. பக்க எண் 10-இல் உள்ள கட்டளை நாற்பது பைட்டைக்கூடத் தொடாது. நீக்கப்பட்ட பக்கமும் தரவுத்தளத்தில் மறைவாக இருக்கத்தான் செய்கிறது. நீக்கினாலும் இடம் மிச்சமாகாது. நீக்கலாமா என்று நடக்கும் விவாதமோ வழிமாற்றைவிடப் பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும்.

எதிர்வாதம் பராமரிப்பைச் சுட்டியது. இலக்குப் பக்கம் வேறிடத்துக்கு நகர்ந்தால் வழிமாற்று இன்னொரு வழிமாற்றைக் காட்டி நிற்கும். மீடியாவிக்கி வழக்கமாக ஒரு தாவலுக்கு மேல் பின்தொடர்வதில்லை என்பதால் தானியங்கிகள் இரட்டை வழிமாற்றுகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பகுதித் தலைப்புக்கு அனுப்பும் வழிமாற்று, அந்தப் பகுதி நீங்கியதும் சத்தமின்றிப் பயனற்றுப் போகும். வட்டில் இடம் மலிவுதான். கண்காணிக்கும் தன்னார்வலரின் நேரம் மலிவானதன்று.

4. விவாதமேடையும் நெறிகளும்

வழிமாற்றுகளுக்கென்று தனி நீக்கல் பக்கம் ஏற்பட்டது. அதன் பெயரில் இருந்த ‘நீக்கல்’ பின்னர் ‘விவாதம்’ என்று மாறியது. வைப்பது, நீக்குவது என்ற இரண்டோடு, இலக்கை மாற்றுவது, பக்கவழி நெறிப்படுத்தல் (ஒரே பெயருடைய கட்டுரைகளைப் பட்டியலிடும்) பக்கமாக்குவது, கட்டுரையாகவே வளர்ப்பது என்ற முடிவுகளும் அங்கே எட்டப்பட்டன. விவாதத்துக்கு ஏழு நாள் என்பது வழக்கம்.

வைப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் மூன்று முக்கியமானவை. முதலாவது, உரிமம். ஒரு கட்டுரையின் உரையை இன்னொன்றில் சேர்த்துவிட்டுப் பழைய பக்கத்தை வழிமாற்றாக்கினால், எழுதியவர்களின் பெயர்கள் அப்பக்க வரலாற்றிலேயே இருக்கும். குனூ கட்டற்ற ஆவண உரிமமாயினும், 2009 ஜூனில் வந்த படைப்பாக்கப் பொதுமமாயினும் எழுதியவரைக் குறிப்பிடுவது கட்டாயம். ஆகவே அந்த வரலாற்றை அழிக்க முடியாது. இரண்டாவது, வெளித்தளங்களிலிருந்து பழைய முகவரிக்கு வரும் இணைப்புகள் அறுந்துபோகக் கூடாது. மூன்றாவது, யாராவது ஒருவருக்குப் பயன்படுகிறது என்பதே போதும்; தனக்குப் பயன்படவில்லை என்பது நீக்கக் காரணமாகாது.

நீக்கக் காரணங்கள் மெல்ல மெல்லக் கூர்மையடைந்தன. அண்மையில் உருவான, யாரும் செய்யக்கூடும் என்று நம்ப முடியாத எழுத்துப்பிழைகளை விவாதமின்றி நீக்கலாம். இங்கே ‘அண்மையில்’ என்ற நிபந்தனை முக்கியம். பல ஆண்டுகள் இருந்துவிட்ட பிழைக்கு வெளியிலிருந்து இணைப்பு வந்திருக்கலாம். கட்டுரைப் பெயர்வெளியிலிருந்து பயனர் பக்கங்களுக்கு அனுப்புவது ஏற்கப்படவில்லை. இழிவுபடுத்தும் பட்டப்பெயரை உயிரோடிருக்கும் ஒருவரின் பக்கத்துக்கு வழிமாற்றுவது தாக்குதலாகவே கருதப்பட்டது.

நடுநிலையற்ற பெயர் என்பதாலேயே வழிமாற்று தவறாகிவிடாது என்ற தெளிவும் வந்தது. ‘கிளைமேட்கேட்’ என்பது ஒரு தரப்பின் அடைமொழி. ஆனால் ஊடகங்களில் பரவலாக வழங்கியது. தட்பவெப்ப ஆய்வுப் பிரிவின் மின்னஞ்சல் சர்ச்சை பற்றிய நடுநிலைத் தலைப்புக்கு அதைத் தேடி வருபவரை அனுப்புவது அவருக்கு உதவிதான். கட்டுரைத் தலைப்புக்கு வேண்டிய நடுநிலை, வந்துசேரும் வழிக்கும் வேண்டும் என்பதில்லை.

மிக நுட்பமான காரணம் சிவப்பு இணைப்பு சார்ந்தது. கட்டுரை இல்லாத தலைப்பு சிவப்பாகத் தெரியும். எழுத யாரையாவது அழைக்கும். இலக்குப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லாத பொருளுக்கு வழிமாற்று வைத்தால் இணைப்பு நீலமாகிவிடும். இங்கே கட்டுரை இருக்கிறது என்ற பொய்த்தோற்றம் உண்டாகும். வாசகர் ஏமாறுகிறார், எழுதக்கூடியவர் ஒதுங்கிவிடுகிறார்.

5. அளவை மீறிய பெருக்கம்

2015 இறுதியில் ஒரு நிருவாகி பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் வழிமாற்றுகளை உருவாக்கியிருந்தது பெரும் விவாதமானது. ஒரே கருத்தின் சொற்களை விதவிதமாக மாற்றியடுக்கிய, யாரும் தேட வாய்ப்பில்லாத தொடர்கள் அவற்றில் நிறைய. ஒவ்வொன்றையும் ஏழு நாள் விவாதிப்பது நடக்கிற காரியமன்று. விவாதத்துக்கு வந்தால் எதிர்ப்பின்றி நீக்கப்படும் என்று நியாயமாக நம்பினால் எந்த நிருவாகியும் நேரடியாக நீக்கலாம் என்ற தற்காலிக விதி, அவருடைய வழிமாற்றுகளுக்கு மட்டும் இயற்றப்பட்டது. வேலை முடிந்ததும் விதி விலக்கப்பட்டது. மலிவு என்ற வாதம் ஒற்றைப் பக்கத்துக்குச் செல்லும், மொத்தக் குவியலுக்குச் செல்லாது என்பதை இந்நிகழ்வு நிறுவியது.

சான்றின் தன்மையும் இதே காலத்தில் மாறியது. 2007 இறுதியில் ஒரு தன்னார்வலர் தொடங்கிய பார்வைக் கணக்குத் தளம் மனிதரையும் தேடுபொறித் தானியங்கிகளையும் பிரிக்கவில்லை. 2015-இல் வந்த புதிய கணக்கீடு பிரித்துக் காட்டியது. ‘யாராவது தேடுவார்கள்’ என்ற ஊகத்தை எண்ணால் சோதிக்க முடிந்தது.

6. தமிழில் இந்த அளவுகோல்கள்

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே மென்பொருளில் இயங்குகிறது. ஆனால் ‘நம்பத்தக்க பிழையா’ என்ற ஆங்கிலச் சோதனை இங்கே இரண்டு இடங்களில் தடுமாறுகிறது.

முதலாவது, பிழைக்கும் மரபுக்கும் உள்ள எல்லை. ரஷ்யா என்று எழுதுபவரும் உருசியா என்று எழுதுபவரும் தத்தம் நெறியைப் பின்பற்றுகிறார்கள். சென்னையில் டொராண்டோ, யாழ்ப்பாணத்தில் ரொறன்ரோ. கிரந்தம் கலந்ததும் கலவாததும், முதலெழுத்துக்குப் பின் புள்ளியும் இடைவெளியும் இட்டதும் இடாததும் என்று ஒரே ஆளின் பெயர் பல வடிவங்களில் வழங்குகிறது. இவற்றில் ஒன்றைத் தலைப்பாக்கினால் மற்றவை வழிமாற்றாக இருந்தே தீர வேண்டும். அவற்றைப் பிழை என்று வகைப்படுத்துவது ஒரு சாராரின் எழுத்து மரபையே பிழை என்பதாகும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ஔவையார் என்ற பெயரை ஔகார உயிரெழுத்தாலும் எழுதலாம். ஒகரத்தை அடுத்து ளகரத்தைத் தட்டியும் எழுதிவிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும், ஒருங்குறியில் வெவ்வேறு. ஒகரத்தோடு ஔகார நீளக் குறியைச் சேர்த்தால் மீடியாவிக்கி தானே ஒன்றாக்கிக்கொள்ளும். ளகரத்தைச் சேர்த்தால் ஒன்றாக்காது. ‘ஸ்ரீ’யின் கதையும் இதுவே. 2005-இல் ஒருங்குறி 4.1 பதிப்பு தனி ‘ஶ’ எழுத்தைச் சேர்த்தபின், ஸகரத்தால் எழுதியதும் ஶகரத்தால் எழுதியதும் திரையில் ஒரே வடிவமாகத் தெரியலாம். தேடலில் வெவ்வேறு சரங்கள். பட்டியலைக் கண்ணால் மேய்பவருக்கு இவை தேவையற்ற இரட்டைப் பக்கங்களாகத் தோன்றும். நீக்கினால், தேடி வந்தவருக்குத் தான் சரியாக எழுதியும் ஏன் கிடைக்கவில்லை என்பது விளங்காது.

முடிவுரை

பழமை, உரிமம், தேடல் வசதி, வாசகரைத் திசைதிருப்பாமை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த அளவுகோல்களே இன்றைய நெறி. முந்தையது பிந்தையதால் அழிக்கப்படவில்லை. அதனால்தான் யாரும் தேடாத ஒட்டுத் தலைப்பும் நிலைக்கிறது, அதிகம் தேடப்படும் ஒரு தலைப்பு இலக்கில் பொருளில்லாததால் நீங்குகிறது. தமிழில் இந்த வரிசையோடு இன்னொன்றும் சேர வேண்டும்: தலைப்பு திரையில் எப்படித் தெரிகிறது என்பதைவிட, எந்த விசைப்பலகையில், எந்த எழுத்து மரபில் அது உள்ளிடப்படுகிறது என்பதே முதற்கேள்வி. நீக்கப் பரிந்துரைக்கும் முன் தலைப்பின் ஒருங்குறிக் குறியீடுகளைச் சரிபார்ப்பதும், எழுத்து மரபு வேறுபாட்டுக்கெனப் பிழையிலிருந்து பிரிந்த தனி வகைப்பாடு வைத்திருப்பதும் அதற்கான நடைமுறை வழிகள்.