பங்காய்த் தீவின் சாதுமீன்

கடல்நீர்த் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுப்போர் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள். ஒன்றோடொன்று சண்டையிடாமல் இருக்குமா? கூட்டமாகத் திரியுமா? இக்கேள்விகளுக்கு இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடையாக வந்த ஒரு மீனின் கதையை இங்கே நாம் பார்க்கலாம்.

அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1853-இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடலுயிர்களைச் சேகரித்துத் தந்த ஃபிலிப் ஹென்றி காஸ், மறு ஆண்டே 'தி அக்வேரியம்' என்னும் நூலை வெளியிட்டார். வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டுக் கடலை வைத்துக்கொள்ளும் மோகம் இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டது. அவருடைய மகன் எட்மண்ட் காஸ், 1907-இல் வெளிவந்த 'ஃபாதர் அண்ட் சன்' நூலில், தந்தையின் எழுத்தால் ஈர்க்கப்பட்டு வந்த கூட்டம் கரையோரப் பாறைக் குட்டைகளைச் சூறையாடிவிட்டதையும், அதை உணர்ந்து தந்தை மனம் நொந்ததையும் பதிவு செய்திருக்கிறார். அன்பின் பெயரால் நிகழ்ந்த அழிவு அது.

அதே கதை வேறொரு கடலில் மீண்டும் நிகழ்ந்தது. இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கே உள்ளது பங்காய்த் தீவுக்கூட்டம். 1920-இல் சுவீடனைச் சேர்ந்த வால்டர் கௌடர்ன் அங்கு சேகரித்த இரண்டே மாதிரிகளைக் கொண்டு, 1933-இல் டச்சு ஆய்வாளர் கூமன்ஸ் ஒரு புதிய மீனினத்தை விவரித்தார். வெள்ளி உடல், கரும்பட்டைகள், வெண்புள்ளிகள், நீண்ட துடுப்புகள். அதன்பின் அறுபது ஆண்டுகள் அம்மீன் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. ஜெரால்ட் ஆலனும் ரோஜர் ஸ்டீனும் 1995-இல் அதனை மீண்டும் விரிவாக விவரித்தபோது, அலங்கார மீன் வணிகம் அதைக் கண்டுகொண்டது.

வணிகத்துக்கு அம்மீன் மிகப் பொருத்தமாக இருந்தது. அது அதிகம் ஓடுவதில்லை. நீண்ட முட்களுடைய கடல் முள்ளெலிகளுக்கும் கடல் சாமந்திகளுக்கும் இடையே கூட்டமாக அசையாது நிற்கும். வலைக்கு இதைவிட எளிய இரை இல்லை. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆறு, ஏழு லட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

இதன் இனப்பெருக்க முறைதான் இழப்பை ஈடுசெய்ய விடாமல் தடுத்தது எனலாம். முட்டைகளை ஆண்மீன் தன் வாயிலேயே அடைகாக்கிறது. ஏறத்தாழ மூன்று வாரம் இரையும் எடுப்பதில்லை. பொரித்த குஞ்சுகளையும் சில நாட்கள் வாய்க்குள்ளேயே காக்கிறது. ஆகவே குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வேறு தீவுகளுக்குப் பரவுவதில்லை. ஓரிடத்துக் கூட்டம் அழிந்தால், அந்த இடம் எளிதில் மீண்டும் நிரம்பாது.

2007-இல் ஹேக் நகரில் நடந்த வனவுயிர் வணிக உடன்படிக்கை மாநாட்டில் இதன் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை அமெரிக்கா கொண்டுவந்து, பின் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இம்மீனை அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது. 2016-இல் அமெரிக்கச் சட்டமும் இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டது.

இதில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இளம் மீன்கள்தாம் இணக்கமாகக் கூட்டம் கூடி நிற்கின்றன. வளர்ந்து இணை சேர்ந்ததும், சிறு தொட்டிக்குள் அந்த இணை மற்றவற்றைத் துரத்தித் துரத்தி அடிக்கும். ஒவ்வொன்றாக மடிந்து இரண்டே எஞ்சுவதும் உண்டு. ஒதுங்கிப் போக இடமிருக்கும் கடலில் விலகிக்கொள்ளும் மீன், நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் எங்கே போகும்? நாம் 'சாது' என்று பெயரிட்டது மீனின் குணத்தை மட்டுமன்று, கடலின் விசாலத்தையும் சேர்த்துத்தான்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. வாயில் அடைகாக்கும் இதே இயல்பால் இம்மீனைத் தொட்டியிலேயே பெருக்குவது பிற கடல்மீன்களைக் காட்டிலும் எளிது. 2012 முதல் தாய்லாந்துப் பண்ணையொன்று பெருமளவில் வளர்த்து அனுப்பத் தொடங்கியது. எனவே வாங்க விரும்புவோர் பண்ணையில் பிறந்த மீனா என்று கேட்டறிந்து, இணை சேர்ந்த இரண்டை மட்டும் வாங்குவதே நன்று. மூன்றாவதாக ஒரு கேள்வியையும் நாம் கேட்கப் பழக வேண்டியிருக்கிறது: இது எங்கிருந்து வந்தது? காஸின் வாசகர்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.