மச்சம் வைத்துக்கொண்ட சுந்தரரும் மூன்று பழங்காசுகளும்

போன மாதம் மங்களூரிலிருந்து ஒரு போன். கர்நாடகத்துக் கடற்கரை மங்களூர் இல்லை. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற நம்ம மங்களூர். பேசியது ஒன்றுவிட்ட தம்பி.

"அண்ணே, விருத்தாசலத்துல ஒரு பழைய சாமான் கடையில மூணு காசு பாத்தேன். ஒண்ணு கம்பெனி காசு, 1818. ராமர் பட்டாபிஷேகம் போட்டிருக்கு. எட்டாயிரம் சொல்றாங்க. அதை மூணு லட்சத்துக்கு எடுத்துக்க மெட்ராஸ்ல ஒரு பார்ட்டி ரெடியா இருக்காராம். நாளைக்குள்ள சொல்லணுமாம். வாங்கிடலாமாண்ணே?"

எட்டாயிரம் அவனுக்குச் சும்மா கிடந்த பணம் இல்லை. மக்காச்சோளம் வித்து, அடுத்த பட்டத்து விதைக்கும் உரத்துக்கும்னு எடுத்து வைத்தது. "நான் வர்ற வரைக்கும் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதே" என்று சொல்லிவிட்டு, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற சின்ன எலெக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விருத்தாசலம் என்றதும் எல்லோருக்கும் பீங்கான் நினைவுக்கு வரும். எனக்கு அந்த ஊர் என்றால் காசு சோதித்த கதைதான். ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இந்த ஊர்ச் சிவனிடம் 12,000 பொன் வாங்கினார், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடுறது' என்று நாம் இன்றைக்கும் சொல்வதற்கு இந்தக் கதையைத்தான் காரணமாகக் காட்டுவார்கள்.

கதையில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் இருக்கிறது. பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டித் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். அதற்கு 'மச்சம்' என்று பெயர். பொன்னின் மாற்று தெரிவதற்காக எடுத்து வைக்கிற மாதிரித் துண்டு. திருவாரூரில் குளத்திலிருந்து எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால், மச்சத்தைவிட மாற்று குறைவாக இருக்கிறது. மறுபடி பாடுகிறார். பிறகுதான் மாற்றுச் சரியாகிறது.

உரைத்துப் பார்த்தவர் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. திருவாரூரில் அவருக்கு 'மாற்றுரைத்த பிள்ளையார்' என்றே பெயர். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். பொன் கொடுத்தவர் அப்பா, நோட்டம் பார்த்தவர் மகன். அப்பா கொடுத்ததாச்சேன்னு பார்க்காமல் 'மாத்து குறைச்சல்' என்று சொல்லியிருக்கிறார் பிள்ளை.

இதை பக்திக்கதையாக மட்டும் படிக்க எனக்கு மனசு வருவதில்லை. சேக்கிழார் எழுதியது 12-ஆம் நூற்றாண்டில். கொடுப்பவர் கடவுளே ஆனாலும் பொன்னை உரைத்துப் பார்ப்பதுதான் முறை என்று நினைத்த சமூகம் அவருடையது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால் இது புரியும். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னுக்குக்கூட 'ஆடவல்லான் என்னும் கல்லால்' நிறை இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரசன் கொடுத்தான் என்பதற்காக நிறுக்காமல் விடவில்லை. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்று வரும். அன்றைக்குப் புழக்கத்தில் இருக்கிற நல்ல காசு என்று அர்த்தம். 'நல்ல' என்று சொல்லவேண்டி வந்தது என்றால் கெட்ட காசும் கைமாறிக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்?

இன்னும் பின்னால் போனால் சங்கப் புலவர் பெயர்களிலேயே இந்தத் தொழில் இருக்கிறது. வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்றெல்லாம் படித்திருப்போம். வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். ஆக, காசைச் சந்தேகப்படுவது நம்மிடம் ரொம்பப் பழைய கௌரவமான தொழில்.

இனி கடைக்குப் போவோம். கண்ணாடித் தட்டில் மூன்று காசு. ராமர் காசு ஒன்று, வெள்ளி ரூபாய் ஒன்று, பச்சை பூத்த செம்புக்காசு ஒன்று.

முதலில் ராமர் காசு. ஒரு பக்கம் ராமர், சீதை, அனுமன். மறுபக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818. இதைப் பற்றிப் பலரும் சொல்கிற ஒரு வாதம் உண்டு: 'வெள்ளைக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடிப்பானா, அதனால இது போலி.' முடிவு சரி, காரணம் தப்பு. சென்னைக் கம்பெனி சாமி படத்தோடு காசு அடித்திருக்கிறது. அவர்களுடைய வராகனில் பெருமாள் நிற்பார். இரண்டு தேவியரோடு நிற்கிற வராகனும் உண்டு. 1807-08 வாக்கில் அடித்த வெள்ளிக் கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், கூடவே தமிழ் எழுத்தும் இருக்கும். இங்கே செலாவணி நடக்கவேண்டும் என்றால் இங்கத்துச் சனம் நம்புகிற உருவம் வேண்டும் என்று வியாபாரிக்குத் தெரியாதா?

அப்புறம் ஏன் போலி? 'ஒரு அணா' என்ற சொல்தான் காட்டிக்கொடுக்கிறது. சென்னை மாகாணத்துச் செம்புக்காசுகள் அந்தக் காலத்தில் அணாக் கணக்கில் வரவில்லை. 10 காசு, 20 காசு என்றுதான் வந்தன. 1803, 1808 என்று வருடம் போட்ட 20 காசுச் செம்பு இன்றைக்கும் கிடைக்கும். 1835-க்குப் பிறகு இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம் வந்தபோதுகூடச் செம்பில் வந்தது அரையணா, காலணா, பன்னிரண்டில் ஒரு பங்கு அணா. முழு அணாவுக்கு என்று தனிக் காசு 1907-இல், ஏழாம் எட்வர்டு காலத்தில்தான் வந்தது. அதுவும் நிக்கல் கலவையில், ஓரம் நெளிநெளியாக. ஆக, 1818-இல் கம்பெனியின் ஒரு அணாச் செம்புக்காசு என்ற ஒன்று கிடையவே கிடையாது. இதே ராமர் காசு 1616 என்ற வருடத்தோடும் சுற்றுகிறது. கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்ததே 1639-இல்!

இந்தக் காசுக்குப் பின்னால் ஒரு நாடகம் இருக்கிறது. காசு அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்பார்கள். காந்தமும் இரும்புத்தூள் சேர்த்த அரிசியும் போதும், யார் வேண்டுமானாலும் இழுத்துக் காட்டலாம். 'மெட்ராஸ் பார்ட்டி' என்பதும் நாடகத்தில் ஒரு வேஷம்தான். அவர் காசை வாங்கப்போவதில்லை. எட்டாயிரம் கொடுப்பதற்கான தைரியத்தை நமக்குக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மூணு லட்சம் தர்ற ஆளு இருந்தா, கடைக்காரர் ஏன் உன்கிட்ட எட்டாயிரத்துக்கு விக்கணும்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பார்ட்டி நம்பரைக் கொடுத்ததே கடைக்காரர்தாண்ணே" என்றான்.

நோட்டம் பார்க்கிறவர் விற்கிறவரின் ஆளாக இருக்கக்கூடாது. எல்லோரும் பிள்ளையார் ஆகிவிட முடியாது.

இரண்டாவது, வெள்ளி ரூபாய். விக்டோரியா தலை, வருடம் 1862. "நூத்தி அறுபது வருஷம் பழசு சார்" என்றார் கடைக்காரர். அது உண்மைதான். ஆனால் வயசுக்கும் விலைக்கும் சம்பந்தம் குறைவு. அந்த ரூபாயில் 1862 என்ற வருடத்தை மாற்றாமலே பத்து வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அது எக்கச்சக்கமாக இருக்கிறது. சேகரிப்பவர்கள் அதில் வருடத்தைப் பார்ப்பதில்லை, அச்சில் இருக்கிற புள்ளிகளை எண்ணுவார்கள். அதற்கு நேர்மாறாக, ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் வயசில் குழந்தை. ஆனால் அபூர்வம். அதனாலேயே வேறு வருடத்துக் காசில் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனை வருடம் பழசு என்பதைவிட, எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

சரி, இது வெள்ளிதானா? உரைகல்லில் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் காசு போச்சு. தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். ரூபாயின் நிறை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கடைக்காரரின் ரூபாய் 11.52 காட்டியது. தேய்மானத்துக்கு அது சரி. டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கினேன். காசை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 1.12 காட்டியது. 11.52-ஐ 1.12-ஆல் வகுத்தால் 10.3 வரும். இந்த வெள்ளிக் கலவையின் அடர்த்தி அதுதான். ஜெர்மன் சில்வராக இருந்தால் தராசு 1.33 பக்கம் காட்டியிருக்கும். 1940-இலிருந்து சில வருடம் வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி, 1947-இல் வந்தது முழுக்க நிக்கல் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, அசல் ரூபாய். அதிலிருக்கிற வெள்ளி சுமார் பத்தரை கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை தெரிந்துவிடும். கேட்டது அதைப்போல ஒன்றரை மடங்கு. ஏமாற்று இல்லை, லாபமும் இல்லை. விட்டுவிட்டோம்.

மூன்றாவது, யாரும் சீந்தாத செம்புக்காசு. முந்நூறு ரூபாய் சொன்னார். ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. ஸ்ரீராஜராஜ. ராஜராஜனின் (985-1014) இந்தக் காசு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கொள்ளை கொள்ளையாகக் கிடைத்திருக்கிறது. கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பின்னால் வந்த பொலன்னறுவை அரசர்கள் இதே உருவத்தை வைத்துத் தங்கள் பெயரில் அடித்தார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி அரசி காசெல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எழுத்தைப் படிக்காமல் உருவத்தை வைத்து 'ராஜராஜன்' என்று சொல்லக்கூடாது.

அசலா என்று பார்க்க ஓரத்தைப் பார்க்கவேண்டும். அச்சில் அடித்த காசுக்கு ஓரத்தில் வெடிப்பு இருக்கலாம், எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்ப்புப் போலியில் சின்னச் சின்னக் குழி, மழுங்கின எழுத்து, ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு. தட்டில் இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உடைசல் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவை. இது அசலாகவே பட்டது.

"எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. பழைய பித்தளைச் சாமானோடு சேர்ந்து வந்ததாம்.

எனக்கு வருத்தமான இடம் இதுதான். கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் கிடைத்து, வியாபாரிகள் வழியாக வந்த காசுகளில்தான் மாக்கோதை, கொல்லிப்புறை போன்ற சேரர் பெயர்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு செப்புக்காசில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் படித்தார். பாட்டில் வருகிற வழுதிகளுக்குக் கையில் தொடுகிற சாட்சி கிடைத்தது. அந்தக் காசின் உலோகத்துக்கு என்ன விலை வந்துவிடும்? அப்படி எத்தனை காசு, படிக்க ஆளில்லாமல் பாத்திரக்கடை உலையில் உருகியிருக்கும்! கிடைத்த ஊர் தெரியாத காசு பாதி ஊமை. அதனால்தான் நிலத்தில் புதையலாகக் கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அப்படி வந்த காசுகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நமக்கு இன்றைக்கு மச்சம் அங்கேதான் இருக்கிறது.

செம்புக்காசைத் தம்பி வாங்கிக்கொண்டான். முந்நூறு ரூபாய் சகாயம் என்று சொல்லமாட்டேன், நியாயமான விலை. எட்டாயிரத்தில் மிச்சத்துக்கு விதை வாங்கிவிட்டான்.

ரெண்டு நாள் கழித்து மறுபடி போன். "அண்ணே, அம்மா அதைப் புளி போட்டுத் தேய்க்கப் பாத்துச்சு. புடுங்கி வச்சிட்டேன்." நல்ல வேளை. அந்தப் பச்சை போனால் எழுத்தும் கூடவே போகும். காசை ஒரு காகித உறையில் போட்டு, எந்தக் கடை, எந்தத் தேதி, எவ்வளவு நிறை என்று மேலே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்த ஊர் என்ற இடத்தில் 'தெரியாது' என்றே எழுதச் சொன்னேன்.