பகலாணியும் இரும்புக் கொக்கியும்

உத்திரமேரூருக்கு வரும் நண்பர்களை நாம் முதலில் அழைத்துச் செல்வது வைகுந்தப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுச் சுவருக்குத்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலை முறைக் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. 30 குடும்புகள், 35 முதல் 70 வரையிலான வயது வரம்பு, கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் விதிக்கப்பட்ட தடை, ஓலையை எடுக்கும் அறியாச் சிறுவன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும்.

சென்ற முறை வந்த நண்பர் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நம்முடன் திரும்பி நடந்தார். தெருவோரத்து வீடொன்றின் திண்ணைக்குக் கீழே கிடந்த ஓர் இரும்புப் பொருளில் அவர் கால் இடறியது. நல்ல வேளையாகச் செருப்பு காத்தது. டிராக்டரோடு டிரெய்லரைப் பிணைக்கும் கொக்கி அது. தடித்த இரும்புப் பட்டையும், அதன் நுனியில் வளையமும், வளையத்தில் செருகும் கட்டைவிரலினும் பருத்த ஆணியுமாகக் கிடந்தது. நண்பர் அதை ஒரு கையால் நகர்த்தப் பார்த்தார். அது அசையவில்லை. "உங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் வரலாறு உண்டே, இதற்கும் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

உண்டு என்றோம். கல்வெட்டில் இல்லை, பாட்டில் உண்டு.

* * *

இழுப்பதையும் இழுபடுவதையும் இணைக்கும் உறுப்பு எந்த வண்டியிலும் கண்ணுக்கு எளிதில் படாதது. தேரைப் பாடியோர் அதன் கொடியைப் பாடினர், குதிரையைப் பாடினர். ஆயினும் சங்கப் புலவருள் ஒருவர் இந்த இணைப்புறுப்பைக் கூர்ந்து கண்டிருக்கிறார். அவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைச் சொல்ல வருமிடத்தில், நீண்ட நுகத்தின் நடுவே தைத்த ஆணியை அவர் உவமையாக்குகிறார். அந்த ஆணிக்கு அவர் இட்ட பெயர் 'பகல்'. உரையாசிரியர் அதனைப் பகலாணி என்பார்.

இவ்வுவமையின் அருமை வண்டி பூட்டிப் பழகியவர்க்குத்தான் முழுதும் விளங்கும். இரு காளைகளின் கழுத்தின்மேலும் நுகம் கிடக்கிறது. வண்டியின் நடுமரம் அந்த நுகத்தோடு சேருமிடத்தில் ஆணி நிற்கிறது. அது வலப்புறம் ஒரு விரல் தள்ளி நின்றால் வலக்காளைக்குச் சுமை கூடும். இடப்புறம் தள்ளி நின்றால் இடக்காளைக்குக் கூடும். சரி நடுவில் நின்றால்தான் இரண்டும் ஒத்து இழுக்கும். மிகுதியாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் விற்கும் வணிகனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. அறியாச் சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்த எம்மூர்ச் சபையோரும் இந்த ஆணியைத்தான் தேடினர் போலும் என்று நாம் அவ்வப்போது எண்ணிக்கொள்வதுண்டு.

இதே புலவர்தாம் நமது தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் ஆசிரியர். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் அப்பாட்டில், வழியில் உப்பு வணிகரின் வண்டிகள் வருகின்றன. மத்தளம் போன்ற முழுமரத்தில் கடைந்த சக்கரம், கணைய மரத்தைச் சேர்த்தாற்போன்ற பருத்த பார், மேலே வேய்ந்த கூரை, அதில் அடையும் கோழி, கயிற்றில் தொங்கும் சிற்றுரல், வண்டியின் மூக்கில் கட்டிய காடிக் கலம், குழந்தையோடு அமர்ந்து எருதுகளை ஓட்டும் பெண் எனக் காட்சி விரிகிறது. ஒரு குடும்பத்தின் வீடே சக்கரத்தின்மேல் நகர்கிறது. கனமான பொருள் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓரிடம் இருக்கிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உரல் கால்மாட்டில் உருளவில்லை, கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. கலம் மூக்கில் பிணிக்கப்பட்டிருக்கிறது.

புறநானூற்றின் 102 ஆம் பாட்டில் ஔவையார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமென்று யார் அறிவார்? இப்படி எண்ணிய உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்தனராம். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவை. மாற்று அச்சு மிகக் கனமான மரம். அதை வண்டிக்கு மேலே ஏற்றாமல் கீழே கட்டினார்கள். கனமானது தாழ இருந்தால் வண்டி சாயாது. எடுக்க வேண்டிய வேளையில் தலைக்குமேல் தூக்கவும் வேண்டாம். ஓர் உவமைக்குள் சேமிப்புக் கலையின் முதல் விதி அடங்கிக் கிடக்கிறது. மயிற்பீலியேயாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததும், பெருந்தேரின் அச்சாணியைக் காட்டி உருவம் கண்டு இகழாதீர் என்று அறிவுறுத்தியதும் இதே உலகத்தின் குரல்கள்தாம்.

* * *

இந்த அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. எமது பாட்டனார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சுவரில் இரண்டு மர முளைகள் அறையப்பட்டிருந்தன. நுகத்தடிக்கு உரிய இடம் அது. முளைகள் இடுப்பு உயரத்தில் இருந்தன. அதற்குமேல் அறைந்தால் தோளுக்குமேல் தூக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் குனிந்து எடுக்க வேண்டும். தடியைச் சுவரில் சாய்த்துவைக்க அவர் ஒருபோதும் விட்டதில்லை. சாய்த்தது சரியும், சரிந்தது காலில் விழும் என்பார். தரையில் போட்டால் கரையான் ஏறும். பரணிலோ சுளகும் முறமும் போன்ற இலேசான பொருள்களுக்குத்தான் இடம். பூட்டாங்கயிறு தனியே எரவாணத்தில் தொங்கும். கடையாணிகள் ஒரு மாடத்தில் இருக்கும். ஆயுத பூசையன்று எல்லாம் இறங்கி வந்து, கழுவப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் பெறும். அது பூசை மட்டுமா? ஆண்டுக்கொருமுறை ஒவ்வோர் உறுப்பையும் கையிலெடுத்து வெடிப்பும் தேய்வும் பார்க்கும் ஏற்பாடும் அதுவேயாகும்.

பாரம் ஏற்றுவதிலும் முறை இருந்தது. முன்பாரம் மிகுந்தால் நுகம் காளையின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் மூட்டைகளை அடுக்கியபின் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். சற்றே கனத்தால் சரி. அந்த ஒரு கைதான் அவருக்குத் தராசு. மாட்டை அவிழ்க்குமுன் முட்டுக்கட்டை கொடுப்பதும், சக்கரத்துக்குக் கல் வைப்பதும் பழக்கமாய் ஊறிய செயல்கள். இவற்றுக்குப் பாதுகாப்பு விதிகள் என்ற பெயரை அன்று யாரும் சூட்டவில்லை.

சுமையைத் தூக்குவதில் நம்மவர்க்கு இரு மனப்பான்மைகள் உண்டு. தென்மாவட்ட ஊர்களில் காணும் இளவட்டக்கல் ஒன்றைச் சொல்லும். உருண்டைக் கல்லைத் தோள்மேல் ஏற்றிப் பின்னே எறிபவன் ஆண்மகன்; தூக்க இயலாதவன் தலைகுனிய வேண்டியதுதான். வழியோரச் சுமைதாங்கிக் கல் மற்றொன்றைச் சொல்லும். நட்ட இரு கற்களின்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், பிறர் உதவி நாடாமல் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறி, மீண்டும் அதே உயரத்திலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இதனை நடுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாமற்போன ஒரு சுமைக்காக, வழிப்போக்கர் அனைவரின் சுமையையும் இறக்கிவைக்க இடம் செய்தார்கள். இளவட்டக்கல்லில் வீரம் இருக்கிறது. அருளும் அறிவும் சுமைதாங்கியில்தான் இருக்கின்றன என்பது நம் துணிபு.

* * *

இனி இரும்புக்கு வருவோம். மேலை நாட்டில் டிராக்டர் வந்த புதிதில், மாட்டுக்குப் பதிலாக அதை நிறுத்தி, பின்னால் கலப்பையைச் சங்கிலியாலும் கொக்கியாலும் பிணைத்தார்கள். மாடு கல்லில் தடுக்கினால் நின்றுவிடும். இயந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை. கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கிக்கொண்டால், இயந்திரம் தன் பின்சக்கரத்தையே ஊன்றுகோலாக்கி முன்புறம் எழும்பி, ஓட்டியவர்மேலேயே கவிழ்ந்தது. உயிர்கள் பல போயின.

வட அயர்லாந்தில் 1884இல் பிறந்த ஹாரி பெர்குசன் இதனைத் தீர்க்க முனைந்தார். குறை இயந்திரத்தில் இல்லை, இணைப்பில்தான் இருக்கிறது என்று கண்டதே அவரது மேதைமை. கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிணைக்கும் முறைக்கு 1926இல் காப்புரிமை பெற்றார். கலப்பை தடைப்படும்போது மேலிணைப்பு டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரங்களைத் தரையில் அழுத்தும். கவிழ்க்கும் விசையே காக்கும் விசையாயிற்று. 1938இல் ஹென்றி போர்டுடன் கைகுலுக்கலையே ஒப்பந்தமாகக் கொண்டார். 1939இல் அவ்வகை டிராக்டர் சந்தைக்கு வந்தது. அவரது நிறுவனம் 1953இல் மாசி ஹாரிஸுடன் இணைந்து, 1958இல் மாசி பெர்குசன் என்று பெயர் கொண்டது. அந்நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960இல் சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அயர்லாந்துக்காரரின் மூன்று புள்ளிகள் இப்படித்தான் தொண்டை நாட்டு வயல்களுக்கு வந்து சேர்ந்தன.

கலப்பைக்கு மூன்று புள்ளிகள் வந்தன; டிரெய்லருக்கோ இன்றும் ஒரு கொக்கியும் ஓர் ஆணியுந்தான். நெல்லையும் வைக்கோலையும் செங்கல்லையும் ஏரி வண்டலையும் சுமக்கும் இரண்டு சக்கர டிரெய்லர் உண்மையில் காளை இல்லாத கட்டைவண்டியே. அதே முன்பாரம், அதே பின்பாரம். முன்பாரம் மிகுந்திருக்கையில் ஆணியை உருவினால் அதன் மூக்கு தரையை நோக்கி இறங்கும். கீழே கால் இருந்தால் கால் நசுங்கும். பின்பாரம் மிகுந்திருந்தால் மூக்கு மேலெழுந்து முகத்தில் அறையும். ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் கணித்த பழைய தராசு இங்கே செல்லாது. டன் கணக்கில் ஏற்றிய பாரத்தின் முன்கனத்தைக் கை தாங்குமா?

எம் மாணவர் ஒருவர் ஒரு பருவம் முழுவதும் வகுப்புக்கு வரவில்லை. பின்னர் வந்தபோது விசாரித்தோம். அவர் தந்தை ஒருநாள் அந்திப்பொழுதில் தனியாளாக டிரெய்லரின் மூக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட முயன்றிருக்கிறார். இடுப்பில் ஏதோ அறுந்ததுபோல இருந்ததாம். மூன்று மாதம் படுக்கை. அந்தப் பருவத்தின் நடவையும் அறுவடையையும் மகன் பார்த்துக்கொண்டார். "பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள் ஐயா, கூப்பிட அப்பாவுக்குக் கூச்சம்" என்றார். அன்று அவர் தந்தையின் முன்னே இருந்தது டிரெய்லர் அல்ல, இளவட்டக்கல்.

ஓர் ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் துணை நிற்கும். வீட்டு வாசலில் தன் கொக்கியைத் தான் தூக்கும் உழவருக்கு எந்தச் சட்டம் வந்து நிற்கும்? அவருக்குத் துணை மரபு ஒன்றுதான். மரத்தோடு அந்த மரபையும் கைவிட்டுவிட்டு, இரும்பை மட்டும் வாங்கிக்கொண்டோம் என்பதே நம் வருத்தம்.

மீட்டெடுப்பது கடினமன்று. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, மூக்குக்கு முட்டுக்கட்டை கொடுத்த பின்னரே ஆணியை உருவ வேண்டும். கழற்றிய கொக்கியை இருவராகத் தூக்க வேண்டும். தனியே தூக்கியாக வேண்டுமெனில் முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டி எடுக்க வேண்டும். கையை நீட்டித் தூக்கும் பத்து கிலோ, துலாக்கோலின் நுனியில் தொங்கும் எடையைப் போல இடுப்பில் பன்மடங்காக விழும். வைக்குமிடம் தொடைக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், உறுதியான பலகையாகவோ கல்லாகவோ இருக்கட்டும். சாய்த்து வைத்தல் ஆகாது. கிரீஸ் தடவி, சாக்கால் மூடி வைத்தால் துரு அண்டாது. ஆணியைக் கொக்கியிலேயே கட்டிவைத்தால் தொலையாது. அவசரத்தில் கையில் கிடைத்த கம்பியைச் செருகும் பொல்லாத வழக்கம் அதனாலேயே ஒழியும்.

இவ்வளவையும் நண்பரிடம் தெருவில் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தோம். திண்ணைக்குரிய பெரியவர் உள்ளிருந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றார். பகலாணி என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஒரு கை பிடிங்க" என்றார். மூவரும் சேர்ந்து அந்தக் கொக்கியைத் தூக்கி, தோட்டத்துத் துவைகல்லின்மேல் வைத்தோம்.